துருக்கிய மொழியில் மணி சொல்வதும் மூன்று வேற்றுமைகளும்

துருக்கிய மொழியில் நேரம் சொல்லும் முறை ஏன் இவ்வளவு குழப்புகிறது, வாக்கிய இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே விடைதான். ஆங்கிலத்தின் வழியாக இதைப் படித்தபோது நானும் பல வாரங்கள் தடுமாறினேன். தமிழ் வேற்றுமை உருபுகளை நினைவில் வைத்துப் படிக்கத் தொடங்கிய பிறகே தெளிவு பிறந்தது.

'ஸாஅத் கச்?' என்றால் 'மணி என்ன?' என்று பொருள். 'ஸாஅத் பெஷ்' என்பது 'மணி ஐந்து'. நம்மைப் போலவே அவர்களும் அங்கே வினைச்சொல் இல்லாமல் வாக்கியத்தை முடிக்கிறார்கள். ஐந்தரைக்குப் 'பெஷ் புச்சுக்' என்றால் போதும்.

கால் மணிக் கணக்கில்தான் இலக்கணம் நுழைகிறது. ஐந்தேகாலை அவர்கள் 'பெஷி செய்ரெக் கெச்சியோர்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'ஐந்தைக் கால் கடக்கிறது' என்று வரும். நான்கேமுக்காலுக்கோ 'பெஷே செய்ரெக் வார்', அதாவது 'ஐந்துக்குக் கால் இருக்கிறது'. முன்னதில் நம் 'ஐ', பின்னதில் நம் 'கு'. 'ஐந்து மணிக்கு' என்று சொல்ல நாம் 'கு' சேர்க்கும் இடத்தில் மட்டும் அவர்கள் 'இல்' உருபைச் சேர்த்து 'ஸாஅத் பெஷ்தே' என்பார்கள். இப்படி மணி சொல்லப் பழகினாலே மூன்று வேற்றுமைகள் கைவந்துவிடும்.

உருபின் உயிரெழுத்து, சொல்லின் கடைசி உயிருக்கு இசைய மாறும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஐந்துக்குப் 'பெஷி', 'பெஷே' என்று வருபவை, ஒன்பதுக்குத் 'தொகுஸு', 'தொகுஸா' என்று ஆகின்றன. ஏழைக் குறிக்கும் 'யெதி' உயிரில் முடிவதால், நாம் 'வழி'யை 'வழியை' ஆக்குவதுபோல, யகரம் இடையில் வந்து 'யெதியி', 'யெதியே' என்றாகிறது. நம் உடம்படுமெய்யை அங்கே கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் ஒட்டுகளை அடுக்கிச் சொல்லாக்கும் இயல்பு இரண்டுக்கும் உண்டு.

வாக்கிய அமைப்பும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நம் வரிசையிலேயே செல்கிறது. 'பென் ஸாஅத் ஸெகிஸ்தே கஹ்வே இச்சியோரும்' என்பதை 'நான் எட்டு மணிக்குக் காப்பி குடிக்கிறேன்' என்று ஏறக்குறைய அதே சொல் வரிசையில் பெயர்க்கலாம். இறுதியில் உள்ள 'உம்' நம் 'ஏன்' விகுதியின் வேலையைச் செய்வதால் 'பென்' என்பதை விட்டுவிட்டாலும் பொருள் கெடாது. படர்க்கையில்தான் வேறுபாடு: அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கும் 'ஒ' என்ற ஒரே சொல், வினையிலும் பால் தெரியாது.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது மணி என்ன என்று சொல்லும்போதுதான் 'வார்' வரும். ஒரு செயல் நடந்த நேரத்தைச் சொல்லும்போது அது 'கலா' என்ற எச்சமாக மாறும்: 'பெஷே செய்ரெக் கலா கெல்திம்', 'ஐந்துக்குக் கால் மணி இருக்கையில் வந்தேன்'. அவ்வாறே 'கெச்சியோர்' என்பதும் 'கெச்செ' ஆகும்.