முற்றத்தில் ஒரு முழ நிழல்

அன்புள்ள ஐயா,

மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டான். மே மாதமே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்குகிறோம், வந்தே ஆகவேண்டும் என்கிறது பள்ளி. வீட்டில் இருந்தால் போனும் கையுமாகத்தான் இருப்பான். இந்த வெயிலில் அனுப்புவதா, வேண்டாமா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

விடுமுறையில் வகுப்பு வைக்காதே என்று கல்வித்துறை சொல்வதும், பள்ளிகள் வைப்பதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து, அதை விடுங்கள். போனை வாங்கிக் கொடுத்தது நீங்கள், புகார் மட்டும் எனக்கா?

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் வடகம் பிழிந்தார்கள், அதனால்தான் இந்தப் பதிலே. சின்ன வயதில் பள்ளத்தூர் வீட்டு முற்றத்தில் அப்பத்தா வேட்டியை விரித்து வடகம் காயப்போடும், காக்காய் விரட்டுவது என் வேலை. "வடக்கோரம் ஒரு முழம் விட்டு விரிடா" என்பார். சித்திரை பிறந்த ரெண்டு மூணு நாளில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும், உச்சி வேளையில் குத்துக்கல்லுக்குக்கூட நிழல் இருக்காது. அப்புறம் வடக்கே நகர்ந்துவிடும், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்ப உச்சிக்கு வரும். அதுவரை நண்பகலில் வடக்குத் தாழ்வாரத்து ஓட்டு நிழல்தான் முற்றத்தில் விழும். மே நடுவில் சரியாக ஒரு முழம். மார்கழியில் நேர்மாறு, தெற்குத் தாழ்வார நிழல் பாதி முற்றத்தை மூடிவிடும்.

மறுவருஷம் என்னையும் கோடை வகுப்பில் போட்டார்கள். தகரக் கூரை, மூலையில் ஒரு மண்பானை, முப்பது பிள்ளைகளுக்கு ஒரே தம்ளர். புவியியல் சார் "நம் நாட்டில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும்" என்றார். டெல்லிக்கு அது சரி. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து பத்தே பாகைதான், நமக்கு அது சரியில்லை. நான் எழுந்து, எங்க வீட்டில் இப்ப தெற்கே விழுதே சார் என்றேன், அவ்வளவுதான், நடு மண்டையில் குட்டு. அதோடு விடவில்லை, "எப்போதும் வடக்கே" என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னார். எழுதினேன், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் கொடிக்கம்பத்து நிழல் தெற்கே கிடக்கிறது! அவர் கெட்டவர் இல்லை, பாவம், அந்த உச்சி வெயிலில் வெளியே போய்ப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்.

அனுப்புவதா என்று கேட்டீர்கள் இல்லையா. நாளை 12.10-க்குப் பையனை முற்றத்தில் ஒரு குச்சியோடு நிற்கச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். புறா வருகிறது, மழை வருகிறது என்று முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிடவில்லையே?