மூன்றாம் முறையும் மருத்துவ நுழைவுத் தேர்வா?

உங்கள் மகள் மூன்றாவது முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த நாளிலிருந்து "கட்டிக்கு ரத்தம் எப்படிப் போகிறது?" என்று அவள் துருவிக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் என் பதில்: வேண்டாம். அவள் மனம் ஆய்வகத்தின் பக்கம் போகிறது. குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும் என்கிற சித்தப்பா, வேண்டுமானால் அவரே தேர்வு எழுதட்டும்.

அவள் கேட்பது பெரிய கேள்வி. புதிய ரத்தக் குழாய்கள் இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டாது என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் வாதிட்டார். குழாய்களை வரவழைக்கும் முக்கியப் புரதம் விஇஜிஎஃப். அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தை மார்பகப் புற்றுநோய்க்கு 2008-இல் அனுமதித்த அமெரிக்கா, நோயாளிகளின் ஆயுள் கூடியதற்குச் சான்றில்லை என்று 2011-இல் அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதனால் சிலர் ஒரு படி பின்னால் போய், இத்தகைய புரதங்களைச் செய்வதற்கான செய்தியைச் செல்லுக்குள் சுமக்கும் ஆர்என்ஏ மூலக்கூறையே ஆராய்கிறார்கள். மெட்டில்-3 என்ற நொதி ஆர்என்ஏவில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறியை ஒட்டுகிறது. எஃப்டிஓ என்ற இன்னொரு நொதி அதை நீக்குகிறது. அந்தக் குறியைப் பொறுத்து ஆர்என்ஏ நிலைக்கலாம், விரைவில் சிதையலாம்.

இந்த வேலை எப்படி இருக்கும்? தொப்புள்கொடி ரத்தநாளச் செல்களை ஜெல்லின் மேல் இட்டால், சில மணி நேரத்தில் அவை குட்டி ரத்தக் குழாய்கள் போல வலையாகப் பின்னிக்கொள்ளும். மெட்டில்-3 ஒடுக்கப்பட்ட புற்றுநோய்ச் செல்கள் வளர்ந்த திரவத்தை ஊற்றி, வலையின் கிளைகள் குறைகின்றனவா என்று எண்ணுவார்கள். இன்னொரு பக்கம், நானோபோர் கருவி ஆர்என்ஏ இழையை நுண்துளை வழியே செலுத்தி மின்னோட்ட மாற்றத்தைப் பதியும். குறி எங்கே இருக்கிறது என்று அதிலிருந்து பிரித்தறியப் புள்ளியியலும் நிரலாக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பலரும் கவனிக்காத வழி இதுதான்.

உயிர்வேதியியல் அல்லது மூலக்கூறு உயிரியல் படிக்கட்டும். கூடவே ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி. படிப்பின் கவர்ச்சியான பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். இளநிலை மாணவர் கையில் பைப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் ஆய்வகக் கருவி) கொடுக்கிறார்களா என்று நேரில் விசாரியுங்கள்.

பணத்தில் கறாராக இருங்கள். வீட்டை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராமல் கட்டணம் மட்டும் கேட்கும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். நிலையான சம்பளம் வரப் பல ஆண்டுகள் ஆகும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

டிசிஜிஏ என்ற பொதுப் புற்றுநோய்த் தரவுத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மார்பகக் கட்டிகளின் மரபணுத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் ஒரு மாதம் அவள் அதோடு உட்காரட்டும். சலித்துப் போனால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.