பெடல் இறங்கினால் பெரிய பிரேக் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்தேன். இழுவை அபாரம். கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டியபோது மூன்றாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்று கீழே இறங்கிவிட்டது. ஆறியதும் சரியாகிவிட்டது. ரீமேப் செய்த ட்யூனர் ‘பிக் பிரேக் கிட்’ (பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்வும் பெரிய காலிபரும்) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெடல் இறுக்கமாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்தும் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கும். உங்களுக்கோ பெடல் இறங்கியிருக்கிறது, ஆறியதும் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விட்டது.

ரீமேப் இன்ஜினை மட்டும்தான் மாற்றியது. 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 140-லிருந்து நிறுத்தும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டை அதே டிஸ்க் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆயில் பழசாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு வகை) குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான். நம் ஊரில் ஆயிலை மாற்றுவது எங்கே, ‘டாப்-அப்’ செய்து பில் போடுவதுதான் நடக்கிறது. சீல் உடைத்த டப்பா என்றால் வாங்காதீர்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி ப்ளீட் செய்யச் சொல்லுங்கள்.

டாட் 5.1 போடலாம், அது இன்னும் அதிகச் சூடு தாங்கும். ஆனால் டாட் 5 வேறு. அது சிலிகான், 5.1 அப்படியல்ல. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சாதிப்பார். 5-க்குப் பின்னால் ‘.1’ டப்பாவில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உங்கள் வண்டிக்கு டாட் 5 ஆகாது, இருக்கிற ஆயிலோடு கலக்கவும் கூடாது. ‘ஒரு தடவைதானே’ என்றாலும் கூடாது.

ஆயிலோடு கொஞ்சம் சூடு தாங்கும் சாலைப் பேடும் போடுங்கள். ரேஸ் பேட் வேண்டாம், காலையில் குளிர்ந்த நிலையில் அது பிடிக்காது.

பெரிய கிட் விற்பவர் சொல்லாத ஒன்று: ஒரே ஒரு தடவை மிதித்து நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயர். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஏற்கெனவே துடிக்கிறது என்றால் பெரிய காலிபர் எதையும் கூட்டித் தராது. உங்கள் வண்டியில் பின்பக்கம் டிரம். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் பிரேக் சமநிலையே மாறிப்போகும். சிவப்புக் காலிபர் கவர், துளை போட்ட மலிவு டிஸ்க் பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது. துளையிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

இன்சூரன்ஸ்? வழக்கமான பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. ரீமேப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் சாலை விபத்திலும் கிளெய்ம் சிக்கலாகலாம். சரி, முறையாகப் பதிவு செய்துகொள்கிறேன் என்று ஆர்டிஓ அலுவலகம் போனால் எந்தக் கவுன்டர் என்றே சொல்ல ஆளிருக்காது. வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். சொந்தக் காரின் பிரேக்கை அரசு மறுபடி பார்ப்பது 15 வருடம் கழித்து, பதிவைப் புதுப்பிக்கும்போது. அதுவரை ட்யூனர் வைத்ததுதான் சட்டம்.

ஆயில் மாற்றியபின் ட்ராக்கில் மூன்று வேகச் சுற்றுக்கு ஒரு மெதுவான சுற்று விடுங்கள். வண்டி ஆறியிருக்கும்போதே பெடல் இறங்கினால் அது ஆயில் கசிவோ, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பழுதோ. வண்டியை எடுக்காமல் டோ செய்து கொண்டுபோங்கள்.