லினக்ஸ் டெர்மினலில் அடிக்கடி அடிக்கும் நீளமான கமாண்டுகளுக்கு அலியாஸ், ஷார்ட்கட் வைத்துக்கொள்வது எப்படி?

நீங்கள் உபுண்டுவும், டெர்மினலில் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி இயக்கும் பாஷும் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'பாஷ்ஆர்சி' ஃபைலைத் திறந்து, கடைசியில் 'அலியாஸ்' என்று அடித்து, ஸ்பேஸ் விட்டு, சுருக்கப் பெயர், சமக்குறி, சிங்கிள் கோட்டுக்குள் முழுக் கமாண்ட் என்று எழுதுங்கள். சமக்குறிக்கு இருபுறமும் ஸ்பேஸ் கூடாது. புதிய டெர்மினல் திறந்தால் வேலை செய்யும்.

சிங்கிள் கோட் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டபுள் கோட்டுக்குள் டாலர் போட்டு 'பிடபிள்யூடி' (இப்போது இருக்கும் ஃபோல்டரைக் குறிப்பது) எழுதினால், டெர்மினல் திறந்தபோது எந்த ஃபோல்டரில் இருந்தீர்களோ அதுவே அலியாஸில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எங்கே போய் அடித்தாலும் பழைய இடத்தையே காட்டும். ஃபைல் பெயர் கமாண்டின் நடுவில் வர வேண்டுமென்றால் அலியாஸ் உதவாது, ஃபங்ஷன் (கொடுக்கும் பெயரை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளும் சிறு நிரல்) எழுதுங்கள்.

ஃபைலை அழிக்கும் 'ஆர்எம்' கமாண்டின் பெயருக்கே, கேட்டுவிட்டு அழிக்கும்படி அலியாஸ் வைக்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கை அந்தக் கேள்வியை நம்பிப் பழகிவிடும். அலியாஸ் இல்லாத சர்வரில் கேட்காமலே அழிந்துவிடும். புதுப் பெயர் வையுங்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று 'டைப்' கமாண்ட் சொல்லும்.

என்னைக் கேட்டால், அலியாஸைவிட பாஷில் ஏற்கெனவே இருக்கும் ஷார்ட்கட்டுகள்தான் பெரிய சொத்து. எந்த சர்வருக்குப் போனாலும் கூடவே வரும். 'எம்கேடிர்' போட்டு நீளமான பெயரில் ஃபோல்டர் உருவாக்கினீர்களா? அடுத்து 'சிடி', ஸ்பேஸ், ஆல்ட்-புள்ளி. முன் கமாண்டின் கடைசிச் சொல் அப்படியே வந்து உட்காரும். பழைய கமாண்டைத் தேட கன்ட்ரோல்-ஆர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேல் அம்புக்குறி. வேறு கணினிக்குள் நுழைய உதவும் 'எஸ்எஸ்ஹெச்' கமாண்டை அடித்துவிட்டு அதை அழுத்தினால், அப்படித் தொடங்கும் பழைய கமாண்டுகள் மட்டும் வரும்படி செய்யலாம். ஹோமில் புள்ளியில் தொடங்கும் 'இன்புட்ஆர்சி' ஃபைலில், மேல் அம்புக்கு 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்', கீழ் அம்புக்கு 'ஹிஸ்டரி-சர்ச்-ஃபார்வர்ட்' என்று எழுத வேண்டும். இந்த ஃபைல் உருவானதும் 'இடிசி' ஃபோல்டரில் உள்ள பொதுவான இன்புட்ஆர்சியை பாஷ் படிக்காது. அதனால் முதல் வரியில் டாலர் போட்டு 'இன்க்ளூட்' எழுதி அதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சில டெர்மினல்களில் ஹோம், எண்ட் பட்டன்கள் தகராறு செய்யும்.

கன்ட்ரோல்-ஆரில் தேடும்போது தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர கன்ட்ரோல்-எஸ். ஆனால் பல டெர்மினல்களில் அது திரையையே நிறுத்திவிடும். பதறி விண்டோவை மூடாதீர்கள், கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் மீண்டும் ஓடும்.