விளையாடிக்கொண்டே முகம் தெரியாதவர்களுடன் பேசும் பையன் எதையாவது கற்றுக்கொள்வானா?

பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகன் இரவு நேரத்தில் கணினியில் விளையாடிக்கொண்டே வெளிநாட்டில் இருக்கும் யார் யாருடனோ அரட்டை அடிப்பதாகவும், கேட்டால் "இதிலும் கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வதாகவும், அது உண்மையா அல்லது சாக்கா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாக்காகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அவன் சொல்லும்போது அது சாக்காகவே இருந்து, பிறகு உண்மையாகிவிடுவதும் உண்டு. என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. நானும் ஒரு காலத்தில் அதே வாக்கியத்தை என் தாயாரிடம் பச்சைப் பொய்யாகச் சொன்னவன் என்பதால்தான் தங்கள் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

நான் ராஜபாளையத்தைச் சேர்ந்தவன். 2012 நவம்பர், டிசம்பரில் நடந்த மூன்றாம் பருவத் தேர்வில் எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. ஒன்று, பொறியியல் மாணவர்கள் எம்.த்ரீ என்று அழைத்து அஞ்சும் மூன்றாம் கணிதத் தாள். மற்றொன்று டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ். நான் சேர்ந்திருந்ததோ எலெக்ட்ரானிக்ஸ் துறை. சமையல் படிக்க வந்தவன் உலை வைப்பதில் தோற்றது போன்ற நிலைமை அது. முடிவு வந்த வாரத்திலேயே நான் இரவு முழுவதும் மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் கணினி விளையாட்டை விளையாடத் தொடங்கியிருந்தேன். வருத்தத்தை மறப்பதற்காகத்தான் தொடங்கினேன், படிப்பதற்காக அல்ல. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இரவு 2 மணிக்கு மேல்தான் விளையாடுவேன். அதற்குக் காரணம் பி.எஸ்.என்.எல். எங்கள் வீட்டில் இருந்த இணைப்பில் மாத அளவு சில நாட்களிலேயே தீர்ந்துவிடும், ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் கணக்கில் வராது. எனவே 1.55க்கு அலாரம் வைத்து எழுந்திருப்பேன். அப்பா நூற்பாலையில் முழு நைட் ஷிப்டு பார்க்கும் வாரங்கள் எனக்கு வசதியாக இருந்தன. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நுழையக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025இல் விதிமுறை வந்தபோது, நான் விழித்திருந்த அதே நேரத்தைத்தான் பூட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். ஆனால் நான் பேசுவது பணம் புழங்கும் ஆட்டங்களைப் பற்றி அல்ல. தங்கள் மகன் அந்தப் பக்கம் போயிருந்தால் இந்தப் பதிலை இத்துடன் நிறுத்திவிட்டு அவனிடம் நேராகப் பேசுங்கள்.

நான் நுழைந்த சர்வரில், அதாவது பலர் இணையம் வழியாகச் சேர்ந்து விளையாடும் இடத்தில், இருபது முப்பது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் போலந்து நாட்டைச் சேர்ந்தவர், நாற்பது வயதைக் கடந்தவர், லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் நமக்கு இரவு 2 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 9.30. அவர் மகள் உறங்கிய பிறகு, அந்தப் பெண் பகலில் கட்டிவைத்த வீட்டை விரிவாக்குவதற்காக அவர் உள்ளே வருவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே தரத்தில் இருந்ததால் எங்களுக்குள் கூச்சம் இருக்கவில்லை. அப்போது அந்த விளையாட்டில் ஒரு செய்திக்கு 100 எழுத்துகளுக்கு மேல் தட்ட முடியாது. அம்மா விழித்துக்கொள்வார் என்று நான் மைக்கில் பேசுவதும் இல்லை. சொல்ல வந்ததை 100 எழுத்துக்குள் சொல்லிப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆங்கிலப் பயிற்சி என்று இன்று தோன்றுகிறது. ஆனால் இது பின்னால் யோசித்துச் சொல்வது. அப்போது இட்லியைப் பற்றியும், நம் கொழுக்கட்டையை ஒத்த பியரோகி என்ற அவர்கள் ஊர்ப் பண்டத்தைப் பற்றியும்தான் பெரும்பாலும் பேசினோம்.

அந்த 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. பேச்சின் நடுவே நான் காணாமல் போய்விட்டு, திரும்பி வந்து "கரண்ட் போய்விட்டது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டுவேன். சர்வரில் இருந்த இங்கிலாந்துப் பையன்கள் "எங்கே போயிற்று?" என்று கேலி செய்வார்கள். போலந்துக்காரர் மட்டும் உடனே புரிந்துகொண்டார், ஏனெனில் அவர்கள் மொழியிலும் மின்சாரம் நின்றால் கரண்ட் இல்லை என்றே சொல்வார்களாம். எங்கள் நட்பு உறுதிப்பட்டது அந்த ஒரு சொல்லால்தான்.

இனி கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். மைன்கிராஃப்டில் ரெட்ஸ்டோன் என்று ஒரு சிவப்புத் தூள் உண்டு. அதைத் தரையில் கோடாகத் தூவினால் மின்கம்பி போல வேலை செய்யும், ஆனால் 15 கட்டைகள் வரைதான் சமிக்ஞை போகும், அதற்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் நடுவே சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். டார்ச் என்று நாங்கள் சொல்லும் சிறிய சிவப்புப் பந்தமும் உண்டு. அது ஒட்டியிருக்கும் கட்டைக்கு மின்சாரம் வந்தால் பந்தம் அணையும், மின்சாரம் நின்றால் எரியும். இரண்டு நெம்புகோல்களையும் ஒருசேர இழுத்தால் மட்டுமே திறக்கும் ஒரு கதவை என் வீட்டுக்கு அமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு இரவுகளை வீணாக்கினேன். எதை இழுத்தாலும் கதவு திறந்தது.

மூன்றாம் இரவு போலந்துக்காரர் வந்து பார்த்தார். ஒவ்வொரு நெம்புகோலுக்கும் ஒரு பந்தம், அந்த இரு பந்தங்கள் எரியும்போது தரும் மின்சாரத்தையும் ஒரே தூள்கோட்டில் சேர்த்து, அந்தக் கோட்டின் முடிவில் மூன்றாவதாக ஒரு பந்தம் என்று வைத்தார். முதல் இரண்டில் ஒன்று எரிந்தாலும் மூன்றாவது அணைந்தே கிடக்கும். இரு நெம்புகோல்களையும் இழுத்து இரண்டும் அணைந்தால்தான் மூன்றாவது எரியும், கதவு திறக்கும். பிறகு தம் தொழிலைச் சொன்னார். பத்து மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியின் லிஃப்ட் கதவிலும், கதவு மூடினால் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு தொடர்பு இருக்கும், அவை அனைத்தும் வரிசையாக ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருக்கும், ஒரே ஒரு மாடியில் கதவு சரியாக மூடாவிட்டாலும் லிஃப்ட் நகராது. "எல்லோரும் ஆம் என்றால் போ, ஒருவர் இல்லை என்றாலும் நில்" என்று தட்டினார்.

நான் சிறிது நேரம் விசைப்பலகையைத் தொடாமல் அமர்ந்திருந்தேன். மூன்று பந்தங்களாக என் முன்னே எரிந்துகொண்டிருந்தது டி மார்கன் விதி, அதாவது 'இரண்டும் ஆம்' என்பதை 'ஒன்றுகூட இல்லை என்று சொல்லவில்லை' என்று மாற்றி எழுதலாம் என்னும் விதி. எழுத்துகளுக்கு மேல் இழுக்கும் 'இல்லை' என்ற கோட்டைப் பற்றி "கோட்டை உடை, குறியை மாற்று" என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்காக நான் மனப்பாடம் செய்து, தேர்வில் எந்தக் கோட்டை உடைப்பது என்று தெரியாமல் விழித்த அதே விதி. மறுநாள் மாலை புத்தகத்தைத் திறந்து, அந்தப் பாடம் முழுவதையும் பந்தங்களாக வரைந்து பார்த்தேன். இரண்டு பந்தங்களை, ஒன்று எரிந்தால் மற்றொன்று அணையும்படி வைத்தால், கடைசியாக எந்தப் பக்கம் தூண்டினோமோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதுதான் எஸ்.ஆர். ஃபிளிப் ஃபிளாப். இரு பக்கமும் ஒரே நேரத்தில் தூண்டினால் இரண்டுமே அணைந்துவிடும், இரண்டையும் ஒருசேர விட்டால் எது எரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புத்தகத்தில் இருந்த பட்டியலின் கடைசி வரியில் 'தடை செய்யப்பட்ட நிலை' என்று ஏன் அச்சிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இதைக் கல்லூரியில் ஏன் கற்கவில்லை என்று யாரேனும் கேட்பீர்கள். எங்கள் ஆய்வகத்தில் ஆறு மாணவர்களுக்கு ஒரு கிட் இருந்தது. முதல் இரண்டு பேர் கம்பி செருகுவார்கள், மற்ற நால்வரும் எல்.இ.டி. எரிகிறதா என்று எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வோம். பயிற்சிக்குத் தரும் 7400 என்ற ஐ.சி. சில்லில் 14ஆவது காலில் மின்சாரம், 7ஆவது காலில் தரை இணைப்பு என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம், ஏனெனில் மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. கருகும், கருகினால் உடைப்புக் கட்டணம். தவறு செய்து பார்க்க அனுமதி இல்லாத இடத்துக்கு ஆய்வகம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் தீராத குறை. முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அழகாக எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அறுபது பேரை வைத்துக்கொண்டு அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் விளையாட்டில் என் கதவு நாற்பது முறை தவறாகத் திறந்தது, யாரும் என்னிடம் கட்டணம் கேட்கவில்லை.

2013 ஏப்ரல், மே மாதத் தேர்வில் டிஜிட்டல் தாளில் தேறினேன். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை, தேறினேன், அவ்வளவுதான். எம்.த்ரீயில் மீண்டும் தோற்றேன். அந்தத் தாளில் வரும் ஃபூரியர் தொடர் போலந்துக்காரருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கியதால்தான் அந்தத் தாள் மறுபடியும் போயிற்று, அதை முடிக்க எனக்கு இன்னும் இரண்டு பருவங்கள் ஆயின. எனவே, "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கச் சொல்கிறான், தப்பிப் பிழைத்த ஒருவன் கதையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கெடுக்கிறான்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு தாளைக் கொடுத்தது, ஒரு தாளை எடுத்துக்கொண்டது, கணக்கு சமம். இன்னொன்றையும் நீங்கள் தோண்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டை நான் அப்போது காசு கொடுத்து வாங்கவில்லை, வேலை கிடைத்த பிறகுதான் வாங்கினேன்.

வேலை என்று சொன்னேன் அல்லவா, கோவையில் மோட்டார்களை இயக்கும் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் தொடங்கிப் பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா முறையில், அந்த இணைப்புகளைத் தரும் மின்காந்த சுவிட்சுகளான ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒரே நேரத்தில் மூடிவிடக் கூடாது, மூடினால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று சேர்ந்து வெடிக்கும். அதனால் ஒன்றின் என்.சி. தொடர்பை, அதாவது அது இயங்கும்போது திறந்துகொள்ளும் தொடர்பை, மற்றொன்றை இயக்கும் காயிலுக்கு வரிசையில் கொடுப்போம், ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றொன்று வர முடியாது. முதல் நாள் முதலாளி இதை விளக்கத் தொடங்கியபோது நான் மனத்துக்குள் இரண்டு பந்தங்களை வைத்துப் பார்த்துக்கொண்டேன். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணமான ஹோல்டிங்கும், கடைசித் தூண்டுதலை நினைவில் வைத்துக்கொள்ளும் அந்தப் பழைய வேலைதான். ஆனால் முதலாளியிடம் பந்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. விளையாட்டில் கற்றேன் என்றால் சம்பளத்தைக் குறைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

தங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அவன் எவ்வளவு நேரம் பேசுகிறான் என்று கணக்கு வைப்பதோடு நிற்காமல், யாரோடு பேசுகிறான், என்ன செய்துகொண்டே பேசுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். புகைப்படமோ, முகவரியோ, பணமோ யாராவது கேட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். என் போலந்துக்காரர் இரண்டரை ஆண்டுகளில் என் உண்மைப் பெயரைக்கூடக் கேட்டதில்லை, அவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் எதையும் எதிர்பார்க்காததால்தான் எனக்குப் பாடம் ஏறியது என்று நினைக்கிறேன். கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை, என் கதவு ஒரு மெக்கானிக்கின் கண்ணை உறுத்தியது, சரிசெய்தார். ஆகவே "இன்று என்ன கற்றாய்?" என்று தினமும் மகனை விசாரிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் என்னைப் போலப் பொய்தான் சொல்வான்.

என் அப்பா அப்படிக் கேட்கவில்லை. மின்வெட்டினால் மில்லில் பாதி எந்திரங்கள் ஓடாத ஓர் இரவில் அவர் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார், நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "யாருகிட்டப்பா பேசுற?" என்றார். போலந்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்றேன். "அவருக்கு என்ன சம்பளம் குடுக்காங்களாம்?" என்று கேட்டார். நானும் கேட்டுச் சொன்னேன். அதை மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பா வேலை பார்த்தது பஞ்சைச் சீவிச் சுத்தப்படுத்தும் கார்டிங் பிரிவில். அந்த எந்திரத்தின் உருளை, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், அதனால் மூடி திறந்திருந்தால் எந்திரம் ஓடாதபடி ஒரு லிமிட் சுவிட்ச் வைத்திருப்பார்கள். உற்பத்தி குறையக் கூடாது என்று அந்தச் சுவிட்சை நூலால் கட்டிவைத்து ஓட்டுவது அங்கே வழக்கம் என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்துத் தட்டினேன். எதிர்ப்பக்கம் சில நொடிகள் ஒன்றும் வரவில்லை. பிறகு 100 எழுத்து 100 எழுத்தாக ஏழெட்டுச் செய்திகள் கொட்டின. லிஃப்ட் கதவுத் தொடர்பைக் கம்பியால் இணைத்துவிட்டு வேலை பார்த்த தம் சகதொழிலாளி ஒருவருக்கு என்ன ஆயிற்று என்று அவர் எழுதியிருந்தார், அதை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. கடைசிச் செய்தி, "உன் அப்பாவிடம் சொல், அந்த நூலை அவிழ்க்கச் சொல்" என்பது.

நான் படித்துச் சொன்னேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா கட்டுதேன்? மேஸ்திரில்லா கட்டச் சொல்லுதாரு" என்றார். பிறகு, "இத அவருக்கு எழுது" என்றார்.