அம்மா வீட்டு வாசலில் நிற்கும் வேன்

கேள்வி: எங்கள் காரைக்குடி சபையின் கன்வென்ஷனுக்கு வரும் பிரசங்கியார், ‘விசுவாசம் இருந்தால் நோயும் கடனும் அண்டாது’ என்கிறார். கமிட்டியில் நான் ஒருவன்தான் எதிர்க்கிறேன். தேவகோட்டையில் தம்பி வீட்டில் இருக்கும் என் அம்மாவே அவருடைய கூட்டத்துக்குப் போகிறார். வாராவாரம் வேன் வந்து அழைத்துப் போகிறது. வேறு உபதேசம் கொண்டுவருகிறவனை வீட்டில் ஏற்காதே என்கிற 2 யோவான் 10-ஆம் வசனப்படி அம்மாவைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன். சபையை விட்டும் விலகிவிடலாமா?

பதில்: பிரசங்கியார் சொல்வது தப்பு. தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்ததாக அப்போஸ்தலர் பவுலே எழுதுகிறார். தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். இதைக் கமிட்டியில் எழுத்தாகக் கொடுங்கள், ஆயருக்கும் ஒரு பிரதி. விலக வேண்டாம்.

அந்த வேனுக்கு வருகிறேன். வயதான அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போக யாரோ வேன் அனுப்புகிறார்கள். அந்த வேலை யாருடையது? தேவகோட்டை என்ன சீமைக்கா அப்பால் இருக்கிறது?

வசனத்தை முழுதாக வாசியுங்கள். கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுத்து, ஊர் ஊராய்ப் போதித்துத் திரிந்தவர்களை வீட்டில் ஏற்கக்கூடாது என்கிறார் யோவான். அது போதிப்பவனுக்குச் சொன்னது. அம்மா எதைப் போதித்தார்? கி.பி. 325-ல் நிசேயாவில் திருச்சபைத் தலைவர்கள் கூடி வரையறுத்த விசுவாசத்தில் எதை மறுத்தார்? ஒன்றையும் இல்லை. உட்கார ஒரு இடமும், பேர் சொல்லி விசாரிக்க நாலு பேரும் கிடைத்தார்கள், போனார்.

நம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் கல்யாணமான மகனை ‘வேறு வைப்பார்கள்’. உலை தனி, ஆனால் இருப்பது ஒரே வளவில், அதாவது ஒரே வீட்டுக்குள். நீங்களோ உலையில் வந்த சண்டைக்கு வளவையே இடித்துவிட்டீர்கள்.

உபதேசத்தைக் காத்துக்கொள் என்று முடிகிற அதே 1 தீமோத்தேயு நிருபத்தில் ஐந்தாம் அதிகாரம் எட்டாம் வசனம் என்ன சொல்கிறது? தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், ‘அவிசுவாசியிலும் கெட்டவன்.’ கமிட்டியில் வசனம் காட்டும் மனிதருக்கு இது கண்ணில் படாமல் போனது எனக்குக் கோபம். தம்பி மனைவி தலையில் பெற்றவளைக் கட்டிவிட்டு, போகாமல் இருக்கப் பக்திக் காரணம் தேடுவது எனக்குப் பழகிய கதை.

இந்தச் சனிக்கிழமையே போங்கள். உபதேசம் பேச வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் பேச்சோடு பேச்சாக அம்மா பிரஷர், சுகர் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ‘ஜெபித்தார்கள், நிறுத்திவிட்டேன்’ என்றால் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு உங்கள் சபைக்கு நீங்களே அழைத்து வாருங்கள். மற்ற ஞாயிறுகளைப் பற்றித் தம்பியிடம் பேசுங்கள், முதலில் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு.