கட்டுரையை எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்: மஸ்கெலியா தங்கச்சிக்கு ஒரு பதில்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, பேராதனையில் பட்டம் முடித்து மூன்றரை வருஷமாகப் படிப்பிக்கிறேன். இங்கிலாந்தில் படிக்கத் தரும் செவனிங், கொமன்வெல்த் புலமைப்பரிசில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க ஆசை. கட்டுரை எழுதத்தான் பயம். கொழும்பில் ஓர் இடத்தில் எல்லாக் கட்டுரையும் எழுதித் தர ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கொரோனா நேரம் கெம்பஸ் மூடியிருந்தபோது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வகுப்பு வைத்தேன், அதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காசைக் கொடுக்கலாமா? இங்கிலாந்துக்கு வந்த பிறகும் இப்படி எழுதச் சொல்வார்களா?"

தங்கச்சி, அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் உதவி எடுங்கள், கட்டாயம் எடுங்கள். உதவி எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் பெரிய பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு மாமா, பெரியப்பா, அப்பாவின் நண்பர் என்று வாசித்துப் பார்த்துச் சொல்ல வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. நமக்கு லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அப்படி யாரும் இல்லை, அதனால் வெளியே தேடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் தலவாக்கலைப் பக்கம். இங்கிலாந்துக்கு வந்து இங்கேயே குடியேறிவிட்டேன். செவனிங்கில் வந்தவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செவனிங்கில் வந்தால் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷமாவது இருக்க வேண்டும். என்னை மாதிரித் தங்கிவிட முடியாது. ஊரில் இருந்து பிள்ளைகள் அனுப்பும் கட்டுரைகளை மட்டும் சில வருஷமாக வாசித்துச் சொல்கிறேன். அதில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பத்துப் பேர் அனுப்பினால் எட்டுக் கட்டுரை ஒரே மாதிரித் தொடங்கும். "தலைமைத்துவம் என்பது" என்று ஒரு வரைவிலக்கணம். அடுத்த வரியில் அப்துல் கலாமோ மண்டேலாவோ வருவார். அப்புறம் இருநூறு வருஷத்துக்கு முன் நம் ஆட்கள் கப்பலேறியது, 1948இல் குடியுரிமை பறிபோனது, லயத்துக் கூரை ஒழுகுவது. எல்லாம் உண்மைதான், ஒன்றையும் மறுக்க முடியாது. ஆனால் கடைசி வரி வரைக்கும் வாசித்தாலும் இதை எழுதிய ஆள் யார், என்ன செய்தார் என்பது மட்டும் தெரியாது. பணம் கொடுப்பவர்கள் ஒரு சமூகத்துக்குக் கொடுப்பதில்லை, ஓர் ஆளுக்குக் கொடுக்கிறார்கள். அந்த வரலாறு கட்டுரையில் ஒரு வரியில் பின்னால் நிற்கட்டும், முன்னால் நீங்கள் நில்லுங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போனவர்கள் நாம். "எனது பாடசாலை", "நான் ஒரு குடை பேசுகிறேன்". ஏ.எல். (உயர்தரம்) வரைக்கும் டியூஷன் சேர் தந்த நோட்ஸ்தான். கொழும்பில் ஒரு லட்சம் கேட்கும் இடமும் அதே வியாபாரத்தைத்தான் ஆங்கிலத்தில் செய்கிறது. பெயரையும் ஊரையும் மாற்றி ஒரே கட்டுரையைப் பலருக்கு விற்பார்கள். செவனிங்கில் கட்டுரைகளை நகல் சோதனைக்குப் போடுகிறார்கள். ஒத்துப்போனால் உங்கள் விண்ணப்பம்தான் தள்ளுபடியாகும், விற்ற ஆளுக்கு ஒன்றும் ஆகாது. தப்பித் தெரிவானாலும் நேர்முகத்தில் நீங்கள் கட்டுரையில் எழுதியதை வைத்தே தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். அப்போது எழுதிக்கொடுத்தவர் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். விண்ணப்பத்தின் கடவுச்சொல்லைக் கேட்பவர், "நிச்சயம் எடுத்துத் தருகிறோம்" என்பவர், கிடைத்தால் பங்கு கேட்பவர், இவர்கள் யாரிடமும் போகாதீர்கள். செவனிங்குக்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டணம் இல்லை. வாசித்து, கேள்வி கேட்டு, குறித்துத் தரும் ஆசிரியருக்கு மணிக்கணக்கில் காசு கொடுப்பது வேறு. அது நேர்மையான கூலி, முடிந்தால் கொடுக்கலாம்.

நல்ல உதவி எப்படி இருக்கும் என்றால், அது பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும். லிந்துலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் முதலில் எனக்கு அனுப்பியது மேலே சொன்ன அதே மண்டேலாக் கட்டுரை. அதை மூடி வைத்துவிட்டுப் போனில் தமிழில் பேசினோம். "உங்கள் தோட்டத்து டிவிஷனில் நீங்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்றேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். வேறு எதையோ பேசும்போது, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய அம்மா பறித்த கொழுந்து எத்தனை கிலோ, கழித்தது எத்தனை, பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்ததா அரைப்பேரா என்று தினமும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து லயத்து அக்காமாரும் சொல்லச் சொல்ல அவர்களுடையதையும் எழுதியிருக்கிறார். பிறகு அந்தக் கொப்பியோடு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் போய், அவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து நிர்வாகியான துரையிடம் போயிருக்கிறார். கழிவு குறைந்தது. "இதெல்லாம் எழுதலாமா அண்ணே?" என்று கேட்டார்!

அதுதான் கட்டுரை. நான் ஒரு வரிகூட எழுதவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். நேர்முகத்தில் பாதி நேரம் அந்தக் கொப்பியைப் பற்றித்தான் கேட்டார்களாம். அந்த வருஷம் கிடைக்கவில்லை. மறுவருஷம் எரஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியப் புலமைப்பரிசில் கிடைத்து ஐரோப்பாவுக்குப் போனார்; ஊக்கக் கடிதத்தில் அதே கொப்பிதான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை மடுவத்தில் வகுப்பு வைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறிய காலம் அது. மடுவத்துச் சாவி யார் கையில் இருந்தது? யாரிடம் போய்க் கேட்டீர்கள், முதலில் என்ன சொன்னார்? முதல் நாள் எத்தனை பிள்ளைகள், கடைசியில் எத்தனை? கூட்டம் கூடக் கூடாது என்று யாராவது தடுத்தார்களா? எந்தப் பாடத்தில் தொடங்கினீர்கள், ஏன்? அதில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய பிள்ளைகளுக்குக் கணிதத்தில் என்ன பெறுபேறு வந்தது? இதற்கெல்லாம் போனை எடுத்துத் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். அழகாகப் பேச வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசுங்கள். பிறகு கேட்டுக்கொண்டே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் அதற்குப் பிறகு. உங்கள் ஆங்கிலம் சிறிய வாக்கியமாக இருந்தால் இருக்கட்டும். பிழையில்லாத சிறிய வாக்கியம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எழுதச் சொல்லாதீர்கள். அது தருவதும் அந்த மண்டேலாக் கட்டுரைதான், கொஞ்சம் மெருகோடு. நீங்கள் எழுதிய பந்தியைக் கொடுத்து இலக்கணப் பிழையை மட்டும் காட்டச் சொன்னால் பரவாயில்லை.

செவனிங்கில் நான்கு கட்டுரை: தலைமைத்துவம், உறவு வலையமைப்பு, ஏன் இந்தப் படிப்பு, எதிர்காலத் தொழில் திட்டம். வலையமைப்பு என்றதும் நம் பிள்ளைகள், "எனக்கு யாரையும் தெரியாதே" என்கிறார்கள். பெரிய மனிதர்களைத் தெரிய வேண்டியதில்லை. கண்டியில் இருக்கும் நண்பரிடம் கடந்தகால வினாத்தாள் வாங்கி ஹட்டன் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னது, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் தீபாவளிக்கு வந்தபோது ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து வெண்பலகை வாங்கியது, இப்படி ஏதாவது நடந்திருக்கும். அதுவும் வலையமைப்புத்தான்.

தொழில் திட்டத்தில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். "மலையகக் கல்வியை உயர்த்துவேன்" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. தமிழ் மொழியில் கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் தோட்டப்புறத்தில் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியரைப் பயிற்ற ஆள் வேண்டும். திரும்பி வந்து பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் கணித விரிவுரையாளராக முயற்சி செய்வேன், பிறகு மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ்மொழிக் கணிதப் பாடத்திட்ட வேலைக்குப் போக விரும்புகிறேன் என்று எழுதினால் அது திட்டம். கொமன்வெல்த்துக்கும் இதுவே உதவும். படித்து வந்து நாட்டின் அபிவிருத்திக்கு என்ன மாற்றம் தருவீர்கள் என்பதைத்தான் அவர்கள் துருவிப் பார்ப்பார்கள்.

செவனிங் கேட்கும் 2,800 மணி நேர வேலை அனுபவம், வாரம் 35 மணி, வருஷம் 40 வாரம் என்று இரண்டு வருஷத்துக் கணக்கு. பட்டம் முடித்து மூன்றரை வருஷம் படிப்பித்த உங்களுக்கு அது சிரமமில்லை, ஆனாலும் பாடசாலை நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

காசில்லாமல் உதவி எங்கே? அமெரிக்காவுக்கும் யோசனை இருந்தால் கொழும்பில் இருக்கும் புல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூஎஸ்ஏ என்ற, அமெரிக்காவில் படிப்பது பற்றிய ஆலோசனை கிடைக்கும். 1952இலிருந்து இருக்கும் நிறுவனம் அது. கண்டியில் பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கிறது, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் விபரங்களுக்கு அங்கே போகலாம். எல்லாவற்றையும் விட, முன்பு போய் வந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். பேராதனையில் உங்களுக்குப் படிப்பித்தவர்களிலேயே யாராவது கொமன்வெல்த்தில் போய் வந்திருப்பார்கள். அவர்களிடம் "எழுதித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "வாசித்து, எங்கே சலித்தது என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வாசிக்க இரண்டு பேர் போதும். ஆறு பேரிடம் கொடுத்தால் ஆளாளுக்குத் திருத்தி உங்கள் குரலே காணாமல் போய்விடும். அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்களைக் கொஞ்சமும் தெரியாதவராக இருந்தால் நல்லது. பிள்ளை மடுவம் என்றால் என்ன என்று அவர் கேட்பார், வெளிநாட்டில் வாசிப்பவரும் அதைத்தான் கேட்பார்.

இங்கே வந்த பிறகும் எழுதத்தான் வேண்டும், ஓயாமல் எழுத வேண்டும். ஆனால் அதற்கு உதவி பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. கல்வித் திறன் மையம் என்பது ஏதாவது ஒரு பெயரில் பெரும்பாலான இடங்களில் உண்டு. நேரம் பதிவு செய்துவிட்டுக் கட்டுரையோடு போகலாம். ரோயல் லிட்டரரி ஃபண்ட் என்ற அமைப்பு 1999இலிருந்து எழுத்தாளர்களைப் பல்கலைக்கழகங்களில் இருத்தி மாணவர்களோடு தனித்தனியாக உட்காரச் செய்கிறது. உங்கள் இடத்தில் அப்படி ஒருவர் இருந்தால் முதல் மாதமே போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருப்பார்கள், பக்கத்தில் இங்கிலாந்திலேயே பிறந்த பிள்ளை வரிசையில் நிற்கும். அவர்கள் இலக்கணம் திருத்தித் தர மாட்டார்கள். "இந்தப் பந்தியில் நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்பார்கள். பதில் சொன்னதும், "சரி, இப்போது சொன்னதையே எழுது" என்பார்கள். முதல் தடவை கோபம் வரும்.

செவனிங் வழக்கமாக ஆகஸ்ட் மாதம் திறக்கும். அதற்கு மூன்று மாதம் முன்பே போனில் பேசிப் பதிவு செய்யத் தொடங்கிவிடுங்கள். நேர்முகத்துக்குத் தெரிவானால் இரண்டு சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள், அதிபரிடமும் கெம்பஸ் விரிவுரையாளரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். சொல்லும்போது மடுவத்து வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுங்கள், திகதியோடும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடும். இல்லாவிட்டால் "நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவார்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.